குளத்துக்குக் குளம்: முல்லைத்தீவிலிருந்து விடத்தல்தீவுக்கு எட்டு நாள் குதிரையில்

புறப்படுமுன்

கடலும் மலையும் சேர்ந்த குதிரைப் பயணம் என்றால் எல்லோர் மனத்திலும் வரும் படம் வன்னிக்குப் பொருந்தாது. இங்கே மலை இல்லை. குருந்தூர்மலை போன்ற பாறைக்குன்றுகளுக்கு மேல் உயரமாக எதையும் தேடவேண்டாம். அதற்குப் பதிலாக இங்கே இருப்பது, நடந்தால் மட்டும் தெரியும் ஒரு முதுகு, அதாவது ஆறுகள் வெவ்வேறு திசைக்குப் பிரியும் நீர்பிரி மேடு. கிழக்கே பேராறு நந்திக்கடலுக்கு ஓடுகிறது. நடுவே கனகராயன் ஆறு வடக்கு நோக்கி இரணைமடுவுக்குப் போகிறது. மேற்கே பாலியாறு மன்னார்ப் பக்கக் கடலில் விழுகிறது. இந்த மூன்று ஆறுகளின் குளங்களைப் பிடித்துப் பிடித்துக் கீழைக்கரையிலிருந்து மேலைக்கரைக்குப் போவதுதான் வழி. மொத்தம் 120 கி.மீ. அளவில் வரும்.

இந்த வழியைத் தீர்மானிப்பது தண்ணீர். வெயிலில் வேலை செய்யும் 400 கிலோ குதிரை நாளொன்றுக்கு 40 முதல் 60 லீற்றர் வரை குடிக்கும். ஆறு குதிரைக்கு 240 முதல் 360 லீற்றர் வரை வரும். அதை லான்ட்மாஸ்டர் என்னும் இருசில்லு உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு காட்டுக்குள் திரிய முடியாது. ஆகவே ஒவ்வொரு நாளும் குளத்திலோ நல்ல கிணற்றிலோதான் முடியவேண்டும். கிலோமீட்டர் கணக்கெல்லாம் அதற்குப் பிறகு.

காலம்: மாசி. வாடைமழை ஓய்ந்து, குளங்கள் நிறைந்திருக்கும். காலபோக நெல் அறுவடை நடப்பதால் புது வைக்கோல் கிடைக்கும். ஆடி ஆவணியில் வந்தால் குளத்தின் அடிச்சேறும் யானையும்தான் மிச்சம். கார்த்திகையில் வந்தால் பாதை முழங்காலளவு தண்ணீருக்குள் கிடக்கும்.

குதிரை: லொறியில் கொண்டுவந்த, சவாரிக்குப் பழகிய குதிரைகள். நெடுந்தீவுக் கட்டைக்குதிரைகளைப் பிடித்துப் பழக்கலாமே என்று கேட்பவர்கள் எப்போதும் உண்டு. அவை காட்டுநிலையில் வாழ்பவை, அவற்றை விட்டுவிடுங்கள். சுமை, குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. 400 கிலோ குதிரைக்கு ஆள், சேணம், தண்ணீர்ப் போத்தல், பை எல்லாம் சேர்த்து 80 கிலோ. ஆள் மட்டும் 80 கிலோ இருந்தால் வேறு குதிரை, அல்லது வேறு ஆள்.

அனுமதி: காட்டுப்பாதைக்கு வனத் திணைக்களம், சரணாலய எல்லைக்கு வனசீவராசிகள் திணைக்களம், குளக்கட்டுக்கு நீர்ப்பாசனத் திணைக்களமும் அந்தக் குளத்தின் கமக்காரர் அமைப்பும். ஒவ்வொரு ஊரிலும் கிராம அலுவலருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. ஆறு குதிரை ஊருக்குள் வந்தால் பள்ளிக்கூடமே வெளியே வரும்.

கடைசியாக, மிதிவெடி. பெரும்பகுதி அகற்றப்பட்டாலும் வேலை இன்னும் முடியவில்லை. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை, சிவப்புக் கம்பு, நாடா எதைக் கண்டாலும் அந்தப் பக்கம் இல்லை. நடந்து போகிறவருக்கு இது எளிது. குதிரைக்காரருக்கு உள்ள ஆபத்து வேறு: குதிரை மிரண்டால் பாதையை விட்டுப் பாயும், எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. அதனால் இந்தப் பயணத்தில் பாய்ச்சலே இல்லை. மிரளும் சுபாவமுள்ள குதிரையை எடுக்கவும் இல்லை. ஊராள் ஒருவர் சைக்கிளில் முன்னே போவார். மாடு மேயும் பாதையில் மட்டுமே குளம்பு படும்.

நாள் 1: முல்லைத்தீவுக் கடற்கரை – வற்றாப்பளை

காலையில் கடற்கரையில் ஒரு மணித்தியாலம் நடை. இது உல்லாசத்துக்கு அல்ல, சேணம் பொருந்துகிறதா என்று பார்க்க. கழுத்தும் முதுகும் சேரும் மேட்டுக்கும் சேணத்துக்கும் இடையில், ஆள் ஏறியிருக்கும்போது, இரண்டு மூன்று விரல் புகவேண்டும். விரிப்பை அந்த மேட்டில் இறுகப் போடாமல் சேணத்தின் குழிக்குள் மேலே இழுத்துவிட வேண்டும். வயிற்றுவாரை ஒரே இழுவையில் இறுக்குவது பழக்கமில்லாதவர் செய்யும் பிழை. பூட்டும்போது ஒருமுறை, ஐந்து நிமிடம் நடத்தியபின் ஒருமுறை, அரை மணித்தியாலம் கழித்து ஒருமுறை. குதிரை வயிற்றை ஊதிப் பிடித்திருந்தது அப்போதுதான் தெரியவரும்.

மணலில் எங்கே நடத்துவது? அலை நனைத்து இறுகிய பட்டையில். காய்ந்த மணலில் குளம்பு புதையும். ஒவ்வொரு அடியிலும் காலின் பின்பக்கத் தசைநார் இழுபடும். 2 கி.மீ. காய்ந்த மணல் 6 கி.மீ. கிரவலைவிடக் கடினம். இலங்கைக் கரையில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு, ஆகவே அந்த இறுகிய பட்டை அகலமாக இருக்காது. இரண்டு குதிரை பக்கம் பக்கமாகப் போக முடியாது. கரைவலைக் கயிறு மணலுக்குள் புதைந்து கிடக்கும். மீன்வாடிகளுக்கு முன்னால் இறங்கிப் பிடித்துக்கொண்டு நடப்பதே சரி. வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் கேட்டால் எந்தக் கயிறு எங்கே போகிறது என்று சொல்வார்.

வட்டுவாகல் பாலத்தைத் தாண்டி வடக்கே திரும்பவில்லை. 2009 மே மாதத்தின் முள்ளிவாய்க்கால் அந்தப் பக்கம். குதிரையேறிப் பார்க்கும் இடமல்ல அது.

கடல்நீரில் இறங்கிய குதிரையை நல்லதண்ணீரில் கழுவாமல் மறுபடி சேணம் பூட்டக்கூடாது. உப்பும் மணலும் வாருக்கு அடியில் அரத்தைப்போல் வேலை செய்யும். முழங்கைக்குப் பின்னால் உரோமம் உதிர்ந்த வட்டம் ஒன்று தெரிந்தால் அடுத்த நாள் அது புண். முதல் நாளே ஒரு குதிரைக்கு அந்த வட்டம் தெரிந்தது. வாரை அகலமான பஞ்சு வாராக மாற்றி, இரண்டு விரல் பின்னே தள்ளிப் பூட்டினால் போதும்.

நந்திக்கடல் ஓரமாக வற்றாப்பளைக்கு வந்து சேர்ந்தோம். மொத்தம் 12 கி.மீ. அளவு. முதல் நாளுக்கு அதற்கு மேல் வேண்டாம். கடல்நீரில் விளக்கெரியும் என்று பெயர்பெற்ற கண்ணகை அம்மன் கோவில் இது. வைகாசிப் பொங்கலுக்குச் சனம் ஆயிரக்கணக்கில் திரளும். மாசியில் வெளிவீதி வெறிச்சோடிக் கிடக்கிறது. ஆனால் கோவில் சூழலில் குதிரையைக் கட்டுமுன் மரத்தைப் பாருங்கள். பூவுக்காக வைத்த அலரி இருந்தால் அங்கே கட்டவேண்டாம். சில இலைகளே குதிரையின் இதயத்தை நிறுத்தப் போதும். வாடி உதிர்ந்த இலையிலும் நஞ்சு குறையாது.

நாள் 2: வற்றாப்பளை – முள்ளியவளை – ஒட்டுசுட்டான்

20 கி.மீ.க்குச் சற்றுக் கூட. நடையில் குதிரை மணிக்கு 6 கி.மீ., மெல்லோட்டத்தில் 12. இந்தப் பயணத்தில் முக்கால்பங்கு நடைதான். வெளிச்சம் வரும்போது, ஆறு மணிக்குப் புறப்பட்டு, பத்துக்கு முன் சேணத்தை இறக்கவேண்டும்.

வெப்பத்துக்குக் குதிரைக்காரர் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பாரன்ஹைட்டில் வெப்பநிலையையும் நூற்றுவீதத்தில் ஈரப்பதனையும் கூட்டினால் 150ஐத் தாண்டும்போது கவனம், 180ஐத் தாண்டினால் ஏறக்கூடாது. வன்னியில் இந்தக் கணக்கு ஏமாற்றும். விடியலில் 75 பாகையும் 90 வீதமும், கூட்டினால் 165. மதியம் 90 பாகையும் 65 வீதமும், கூட்டினால் 155. கணக்குப்படி மதியம் நல்லது! ஆனால் அது வெயிலைச் சேர்ப்பதில்லை. தலைக்குமேல் சூரியன், கீழே தார் வீதி, இரண்டும் சேர்ந்து சுடுவது கூட்டலில் வராது. கணக்கைவிட நாடியை நம்புங்கள்.

நாடி பார்ப்பது இப்படி: கீழ்த்தாடை எலும்பின் உள்விளிம்பில் ஓடும் குழாயை மூன்று விரலால் மெல்ல அழுத்தி, 15 செக்கன் எண்ணி நாலால் பெருக்கவேண்டும். ஓய்வில் 28 முதல் 44. சவாரி முடிந்து 15–20 நிமிடத்தில் 64க்குக் கீழே வரவேண்டும். அரை மணித்தியாலம் கழிந்தும் வராவிட்டால் அந்தக் குதிரைக்கு அன்றைக்குப் பயணம் முடிந்தது, மறுநாள் லொறி. கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டால் உடனே படியவேண்டும். ஈறை அழுத்திவிட்டால் வெளுத்த இடம் இரண்டு செக்கனுக்குள் சிவக்கவேண்டும்.

முள்ளியவளை தாண்டியதும் வீதியோரம் முழுக்க நெல் காயப்போட்டிருக்கிறார்கள். குதிரை எட்டி ஒரு வாய் அள்ளும். கமக்காரர் பேசுவதோடு போனால் பரவாயில்லை. பழக்கமில்லாத வயிற்றில் பச்சை நெல் அதிகம் போனால் வயிற்றுவலியும் குளம்பழற்சியும் வரும். கடிவாளத்தைக் குட்டையாகப் பிடித்து வீதியின் மறுபக்கமாகப் போவதுதான் வழி. வயல் வாய்க்காலில் குடிக்க விடவும் வேண்டாம், மேல் வயலில் நேற்று என்ன மருந்து அடித்தார்கள் என்று யாருக்குத் தெரியும்.

ஒட்டுசுட்டானில் தான்தோன்றீஸ்வரர் கோவிலுக்குத் தள்ளியே முகாம். குரக்கன் தாளுக்குத் தீ வைத்தும் வேகாத இடம் என்பதால் வேகாவனம் என்ற பெயர் இங்கே வழங்குகிறது.

நாள் 3: ஒட்டுசுட்டான் – கற்சிலைமடு – முத்தையன்கட்டு

குறுகிய நாள். கற்சிலைமடுவில் வன்னிச் சிற்றரசன் பண்டார வன்னியனின் நினைவுக்கல். 1803 ஆகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தவனை, அதே ஆண்டு ஒக்டோபர் 31இல் ஆங்கிலேயப் படை அதிகாரி வொன் டிறிபேர்க் இங்கே தோற்கடித்தான் என்று கல் சொல்கிறது. தோற்கடித்தவர்கள் எழுதிய கல்லில்தான் தோற்றவன் பெயர் நிலைத்திருக்கிறது.

மிச்ச நேரம் முழுக்கக் குளம்புக்கு. கிரவல் பாதையில் இரண்டு கேடு. சிறு கல் குளம்புக் குழிக்குள் இறுகிவிடும். லாடத்தின் ஆணி தளரும். ஒவ்வொரு ஐந்து கிலோமீட்டருக்கும் இறங்கி, கொக்கியால் குதிப்பக்கத்திலிருந்து முன்னோக்கிச் சுரண்டவேண்டும். நடுவே இருக்கும் மெத்தையான முக்கோணத்தைக் குத்தக்கூடாது. ஆணி வளைத்து மடித்த முனை குளம்புச் சுவரை விட்டு எழும்பியிருந்தால் விரலில் தட்டும். லாடம் கழன்று விழுமுன் குதிரை தரும் கடைசிச் சொல் அதுதான். கழன்ற லாடத்தைக் காட்டில் திரும்ப அடிக்க முயலவேண்டாம். மிச்ச ஆணிகளைப் பிடுங்கி, விளிம்பை அரத்தால் உருட்டி, குளம்புச் சப்பாத்தை மாட்டினால் நாலு நாள் ஓடும். சுத்தியல், கொறடு, அரம், ஆணி இருபது, இரண்டு அளவில் சப்பாத்து. இவை எப்போதும் பின்வரும் வண்டியில்.

குளத்தில் தண்ணீர் காட்டுவது பற்றி. முத்தையன்கட்டு பேராற்றை மறித்துக் கட்டியது, பெரிய நீர்ப்பரப்பு. வன்னிக் குளங்களில் முதலை உண்டு. குதிரையைக் கரைக்குக் கொண்டுபோய்த் தலை குனிய விடுவது முட்டாள்தனம். ஊர்ச்சனம் குளிக்கும் துறையில், பகலில், வாளியால் அள்ளி, 20 அடி தள்ளி வைத்துக் கொடுக்கவேண்டும். குளக்கட்டு ஈரமாக இருந்தால் அதன்மேல் ஏறவேண்டாம். குளம்பு பதிந்த குழியில் மழைநீர் தங்கும், பிறகு அதிலிருந்தே அரிப்புத் தொடங்கும்.

சூடாக இருக்கும் குதிரைக்குக் குளிர்ந்த தண்ணீர் கொடுத்தால் வயிறு பிடிக்கும் என்று பழையவர்கள் சொல்வார்கள். அது சரியல்ல. வந்ததும் குடிக்க விடுங்கள். குதிரையின் வியர்வையில் உப்பு அதிகம், அதனால் நீர் குறைந்தாலும் தாகம் மந்தமாகவே வரும். தீனியில் நாளுக்கு இரண்டு மேசைக்கரண்டி சாதாரண உப்பைக் கலந்தால் தாகம் தானாக வரும். உடம்பில் தண்ணீரை ஊற்றி, வழித்துவிட்டு, மறுபடி ஊற்றவேண்டும். 

நாள் 4: முத்தையன்கட்டு – ஒலுமடு – மாங்குளம்

நீளமான நாள். 25 கி.மீ.க்கு மேல், பாதியும் காடு. பாலை, வீரை, முதிரை, இடையிடையே நாயுண்ணிப் பற்றை. நாயுண்ணியும் குதிரைக்கு ஆகாது.

யானைச் சாணம் புதிதாகக் கிடந்தால், ஆவி பறந்தால், நின்று காற்று எந்தப் பக்கம் என்று பாருங்கள். மனிதருக்கு முன் குதிரைக்குத் தெரியும்: காது இரண்டும் ஒரே திசையில் விறைக்கும், மூக்குத்துளை விரியும், நடை குறுகும். அப்போது அதை உதைத்து முன்தள்ளுகிறவர் குதிரையின் பேச்சைக் கேட்காதவர். மெல்லத் திருப்பி, நடையிலேயே விலகவேண்டும். ஓடினால் மற்றக் குதிரைகளும் ஓடும். பாதை விட்டு ஓடினால் என்ன ஆகும் என்று முன்னமே சொல்லியாயிற்று. மாலை நாலுக்குப் பிறகு இந்தத் துண்டில் இருக்கக்கூடாது.

யானை வேலியின் மின்கம்பி இன்னொரு தொல்லை. வாயிலில் கொக்கியை எடுக்கும்போது கம்பி தொய்ந்து குதிரையின் மார்பில் தொட்டால், அந்தக் குதிரை அதற்குப் பிறகு எந்த வாயிலுக்குள்ளும் போகாது. ஒருவர் இறங்கி, கம்பியைப் பிளாஸ்டிக் பிடியில் பிடித்து, நிலத்தோடு சேர்த்து முழுவதுமாக ஒதுக்கியபின் மற்றவர்கள் போகட்டும்.

மாட்டு இலையானும் உண்ணியும் இங்கே தொடங்குகின்றன. வேப்பெண்ணெயில் ஒரு பங்கும் தேங்காயெண்ணெயில் ஐந்து பங்கும் கலந்து வயிறு, உட்தொடை, காதின் வெளிப்புறம் ஆகிய இடங்களில் தடவலாம். சேணம் படும் இடத்தில் வேண்டாம். மாட்டுப்பட்டிக்காரர் அந்தியில் மூட்டும் புகைக்குப் பக்கத்தில் கட்டுவது எல்லாவற்றிலும் சிறந்த மருந்து. காற்று வரும் பக்கம் புகை, எதிர்ப்பக்கம் குதிரை.

கட்டும் முறை: இரண்டு மரங்களுக்கு இடையே ஏழடி உயரத்தில் இறுக்கிய கயிறு, அதிலிருந்து தலைக்கயிறு. குதிரை தலையைத் தாழ்த்தித் தின்னலாம், கால் சிக்காத அளவு நீளம். முடிச்சு, ஒரு இழுவையில் அவிழவேண்டும். தலைக்கயிற்றை நேரே கட்டாமல் சணல் வளையம் ஒன்றில் கட்டினால், பீதியில் இழுக்கும்போது சணல் அறும், கழுத்து தப்பும்.

நாள் 5: மாங்குளம்

ஓய்வு. குதிரைக்கு ஓய்வுநாள் என்றால் தானியமும் ஓய்வுதான். வேலை நாளில் கொடுக்கும் கொள்ளுத் தானியத்தை அப்படியே வைத்துவிட்டு மறுநாள் காலை ஓட்டினால், இரண்டாவது கிலோமீட்டரில் பின்தசை கல்லாக இறுகி, சிறுநீர் கறுத்துப் போகும். தானியத்தைப் பாதிக்குக் குறைத்து, வைக்கோலைக் கூட்டி, அரை மணித்தியாலம் கையில் பிடித்து நடத்தினோம்.

தீனி பற்றி இங்கே சொல்லிவிடலாம். உலர்தீனி, குதிரையின் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு: 400 கிலோவுக்கு 6 முதல் 8 கிலோ. வைக்கோல் வயிற்றை நிரப்பும், சத்துக் குறைவு. தரவையில், அதாவது மேய்ச்சல் வெளியில், புல் கிடைத்தால் அதைக் கூட்டவேண்டும். வைக்கோல் கட்டை அவிழ்த்து முகருங்கள். பூஞ்சண வாடை அடித்தால் மாட்டுக்கும் வேண்டாம். கொள்ளை இரவு முழுக்க ஊறவைத்து, வடித்து, அன்றைக்கே கொடுக்கவேண்டும். மாங்குள வெயிலில் மதியத்துக்குள் நுரைத்துப் புளிக்கும்.

தவிடு வன்னியில் மலிவு, எல்லா ஆலையிலும் கிடைக்கும். அதனால்தான் ஆபத்து. தவிட்டில் பொஸ்பரஸ் அதிகம், கல்சியம் குறைவு. நாட்கணக்கில் அதையே நம்பினால் உடம்பு எலும்பிலிருந்து கல்சியத்தை எடுக்கும். தாடை வீங்கும், நொண்டும். ஒரு கைப்பிடி ருசிக்கு, அதோடு சரி.

மாங்குளம் சந்தியில் ஏ9 வீதி, பக்கத்தில் யாழ்ப்பாணப் புகையிரதப்பாதை. இரண்டையும் விடியலில், இறங்கி நடத்திக் கடக்கவேண்டும். கடவையில் தண்டவாளத்துக்கும் தாருக்கும் இடையிலான இடுக்கில் லாடம் மாட்டும். கோணமாகப் போகாமல் நேர்குறுக்காக, ஒவ்வொன்றாக. ஒரு குதிரை மறுபக்கம் போய் நின்றால்தான் அடுத்தது வரும். முதல் குதிரை எது என்பதில் இருக்கிறது எல்லாம்.

நாள் 6: மாங்குளம் – மல்லாவி – வவுனிக்குளம்

கண்ணுக்குத் தெரியாத அந்த முதுகை இன்று தாண்டினோம். ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. மதகுகளுக்குக் கீழே தண்ணீர் போகும் திசை மட்டும் மாறுகிறது. வவுனிக்குளம் பாலியாற்றின் குளம், பழையது, 1950களில் திருத்திக் கட்டியது. எருமைகள் அலைகரையில் கழுத்தளவு படுத்திருக்கின்றன. முதன்முதலில் எருமை எழும்புவதைக் காணும் குதிரை மிரளும். தூரத்திலேயே நிறுத்திப் பார்க்க விடுங்கள். தரவையில் புல் நல்லது. முதல் நாள் அரை மணித்தியாலம் மேய்ச்சல் போதும், வயிறு பழகவேண்டும்.

நாள் 7: வவுனிக்குளம் – துணுக்காய் – வெள்ளாங்குளம்

காடு, கிரவல், மறுபடி காடு. சொல்ல அதிகம் இல்லை. டிப்பர்கள் வரும்போது கையை உயர்த்திக் காட்டினால் பெரும்பாலானோர் வேகத்தைக் குறைப்பார்கள். புழுதியில் இருமும் குதிரையை முன்னுக்கு விடவும். வெட்டைகளில் கண்ணாடிப் புடையன் பாம்பு உண்டு. இறங்கி நிற்கும் இடத்தைத் தடியால் தட்டிய பிறகே சேணத்தைக் கீழே வைக்கவேண்டும், எடுக்கும்போது கவிழ்த்துப் பார்க்கவேண்டும்.

இன்றைக்குத் தண்ணீர் நல்ல கிணற்றிலிருந்து. இங்கிருந்து மேற்கே கிணறுகள் சவராகும் என்பதால் 200 லீற்றர் பீப்பா இரண்டை நிரப்பி முன்னே அனுப்பினோம்.

நாள் 8: வெள்ளாங்குளம் – இலுப்பைக்கடவை – விடத்தல்தீவு

ஏ32 வீதியோரம், 20 கி.மீ.க்கு மேல். மரம் குறைந்து வானம் பெரிதாகிறது. சவர்த்தண்ணீரைக் குதிரை முகர்ந்துவிட்டு உதட்டைச் சுருட்டும். வற்புறுத்தவேண்டாம், பீப்பாத் தண்ணீர் அதற்குத்தான். பழகிய தண்ணீரில் கொஞ்சம் கொள்ளுக்கழுநீர் கலந்து முதல் நாளிலிருந்தே கொடுத்துவந்தால், புதுக் கிணற்றிலும் அதே மணத்தை நம்பிக் குடிக்கும்.

விடத்தல்தீவில் கண்டற்காடு. கிழக்கே தொடங்கிய மணற்கரையைப்போல் இங்கே அலைக்குப் பக்கத்தில் போய் நிற்க முடியாது. மேலே காய்ந்து வெடித்த சேறு, கீழே களி. குதிரையின் நாலு காலும் மார்பளவு புதைந்தால் வெளியே எடுக்க ஆட்பலம் போதாது; பயந்து துள்ளுவதில் தசைநார் அறும். மாட்டுக் குளம்பு பதிந்த இடம் என்று நம்பிப் போகவும் கூடாது, மாட்டின் பிளந்த குளம்பு விரிந்து தாங்கும், குதிரையின் ஒற்றைக் குளம்பு ஆப்பைப்போல் இறங்கும். வீதி முடியும் கெட்டி நிலத்தில் இறங்கி, மிச்சத்தை நடந்தே போய்ப் பார்த்தோம்.

லொறி ஏற்றம் மாலை ஐந்துக்குப் பிறகு. அதற்குமுன் ஒவ்வொரு குதிரைக்கும் நாடி, ஈறு, முதுகுத் தடவல். முதுகெலும்பின் இரு பக்கமும் விரலால் அழுத்திக்கொண்டே போகும்போது எந்த இடத்தில் முதுகு தாழ்கிறதோ அங்கே சேணம் கடித்திருக்கிறது. தளத்தில் இரண்டு அங்குலம் மணல், அதன்மேல் வைக்கோல். தலைக்கயிறு, தலையைத் தாழ்த்தித் தும்மும் அளவு நீளம். தலை உயர்த்திக் கட்டியபடி இரவு முழுக்கப் போனால் தூசி நுரையீரலில் தங்கும். தானியம் இல்லை, வைக்கோல் மட்டும். மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை நிறுத்தித் தண்ணீர்.

சேணங்களும் வார்களும் பீப்பாவில் எஞ்சிய நல்லதண்ணீரில் கழுவி, நிழலில் தொங்கவிடப்பட்டிருக்கின்றன. வெயிலில் காயவைத்தால் தோல் வெடிக்கும். எண்ணெய் நாளைக்கு, ஈரம் முழுவதும் போன பிறகு.